தலையாட்டினால் சம்மதமா?

மட்டக்களப்புப் படுவான்கரையில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் கூட்டம். பிரதேச செயலகத்திலிருந்து வந்த உத்தியோகத்தர் பொதுக்கிணற்றைத் துப்புரவாக்கும் வேலையை முக்கால் மணி நேரம் விளங்கப்படுத்திவிட்டு, "எல்லாருக்கும் விளங்கினதா? வாற ஞாயிறு சிரமதானம் வைப்பமா?" என்று கேட்டார். எல்லாத் தலைகளும் ஆடின. ஞாயிற்றுக்கிழமை உத்தியோகத்தரும் அவர் கொண்டுவந்த இரண்டு மண்வெட்டிகளும் மட்டுமே கிணற்றடியில். "மக்களின் ஒத்துழைப்புப் போதாது" என்று அறிக்கை போனது.

மக்கள் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார்கள். முன்வரிசை ஆண்கள் தலையாட்டியபோது கண்கள் உத்தியோகத்தரில் இருக்கவில்லை. கோயில் நிர்வாகத்தைப் பொறுப்பாகப் பார்க்கும் வண்ணக்கர் இருந்த பக்கம் ஒரு தரம் போய் வந்தன. வண்ணக்கர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற பொடியன் "பாப்பம்" என்றான். அந்த ஞாயிறு பக்கத்து ஊர் அம்மன் கோயிலில் சடங்கு; ஊரே அங்கேதான் நிற்கும். ஊர் தேடி வந்த மனிசரைச் சபையில் வைத்து "ஏலாது" என்று சொல்வது மரியாதை இல்லை. அதனால் வாய் சொல்லவில்லை.

வாவியின் இரு கரைகளுக்கும் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கான அத்தியாயம் இது. ஆசிரியர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள், சமுர்த்தி உத்தியோகத்தர்கள், வினாக்கொத்தோடு அலையும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் எல்லாரும் இதில் அடக்கம். மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கம் தொடங்கிக் கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே எழுவான்கரை, நெருக்கமான ஊர்கள்; மேற்கே படுவான்கரை, வயலும் குளமும் மாடும். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் இருக்கிறார்கள். வாய்ப்பேச்சை ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்வீர்கள். பேசாமல் சொல்வதைப் பிடிக்கத்தான் காலம் எடுக்கும், ஏனென்றால் அது ஊருக்கு ஊர் அல்ல, வீட்டுக்கு வீடு மாறும்.

முதலில் இந்தத் தலையாட்டல்

கண் உங்களில் இருக்க, தலை மெல்ல இருபக்கமும் சாய்ந்தால் "சொல்லுங்க, கேக்குறன்" என்று எடுங்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தலை விறுவிறென்று நாலைந்து தரம் ஆடினால் "விளங்கிட்டு, நிப்பாட்டுங்க". பெரும்பாலும் உள்ளே அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருக்கும். சம்மதம் வேறு மாதிரி வரும். அதோடு ஒரு நேரமோ, ஒரு பொருளோ, ஒரு ஆளோ ஒட்டிக்கொண்டு வரும்: "ஓம் மிஸ், காலம்பற வாறன், தம்பியையும் கூட்டிட்டு வாறன்." ஒட்டுச் சேராமல் "ஓம்" மட்டும் தனியாக விழுந்தால் அது உங்கள் கடிதம் கிடைத்ததற்கான ரசீது, கடிதத்துக்கான பதில் இனித்தான் வரவேண்டும். "பாப்பம்" என்பது பெரும்பாலும் மறுப்பு. "பாப்பம்" சொல்லும்போது ஆள் எழுந்து நின்றுவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

ஆகவே, தலையாட்டிப் பதில் சொல்ல முடிந்த கேள்வியைக் கேட்காதீர்கள். "ஞாயிறு வைப்பமா?" என்பதற்குத் தலை போதும். "ஞாயிறு ஊரில வேற என்ன அலுவல் இருக்கு?" என்பதற்கு வாய் திறக்கத்தான் வேண்டும், திறந்தால் சடங்கு வெளியே வந்துவிடும். கேட்ட பிறகு பேசாமல் இருங்கள். நகரத்தில் படித்தவர்களுக்கு நாலு விநாடி அமைதியைத் தாங்க முடிவதில்லை. உடனே கேள்வியை மாற்றிக் கேட்பார்கள், அல்லது பதிலையும் தாங்களே எடுத்துக் கொடுப்பார்கள். எதிரே இருப்பவருக்கு அது பெரிய வசதி. எடுத்துக் கொடுத்த பதிலுக்குத் தலையாட்டிவிடுவார். இன்னொன்று, கூட்டத்துக்கு முதல்நாளே வண்ணக்கரையும் மாதர் சங்கத் தலைவியையும் வீட்டில் போய்ப் பாருங்கள். சபையில் நடப்பது பெரும்பாலும் முடிவை அறிவிப்பது. முடிவு அதற்கு முன்பே வேறெங்கோ எடுபட்டிருக்கும்.

தொண்ணூற்று மூன்று வீதம் என்ற கதை

பயிற்சிப் பட்டறைகளில் ஒரு வட்டப்படம் காட்டுவார்கள். செய்தியில் 7 வீதம் சொல், 38 வீதம் குரல், 55 வீதம் முகம்; ஆகவே 93 வீதம் உடல்மொழி. அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து பிறந்த கணக்கு இது. அந்த ஆய்வுகளில் ஆட்கள் கேட்டது தனித்தனிச் சொற்களை. பார்த்தது முகப் படங்களை. ஒருவருக்கு நம்மில் விருப்பமா வெறுப்பா என்று, சொல்லும் குரலும் முகமும் முரண்படும்போது, எதை நம்புகிறோம் என்பதே அங்கு கேள்வி. பிரசவத் திகதியையும் பசளை அளவையும் 93 வீதம் முகத்தால் சொல்லிவிட முடியாது என்று மெஹ்ராபியனுக்கும் தெரியும். அந்தப் படத்தைக் கண்டால் சிரித்துவிட்டு விடுங்கள்.

கண்ணைப் பார்த்துப் பேசாதவர் பொய் சொல்கிறார் என்பது அதைவிட மோசமான நம்பிக்கை. ஒருவர் பொய் சொல்கிறாரா என்று பார்த்துக் கண்டுபிடிக்கும் திறமை மனிதருக்கு எவ்வளவு என்று, நூற்றுக்கணக்கான ஆய்வுகளைச் சேர்த்து சார்ள்ஸ் பொண்ட், பெல்லா டிபோலோ என்ற இருவர் 2006இல் கணக்குப் பார்த்தார்கள். சராசரி 54 வீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளை ஆசிரியருக்கு முன் தலை குனிவது அதற்குப் பழக்கிய மரியாதை. "என்ட முகத்தைப் பார்த்துச் சொல்லு" என்று அதட்டினால் நிமிரும். பிறகு உண்மையும் வராது, பொய்யும் வராது, அழுகைதான் வரும்.

அழுகை என்றதும் தொல்காப்பியம் நினைவுக்கு வருகிறது. மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன் வைக்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்பட்டதால் ஒரு அழுகை, இழந்ததால் ஒன்று, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்ந்ததால் ஒன்று, இல்லாமையால் ஒன்று. கண்ணீர் ஒன்றே, காரணம் நான்கு. கல்லடியிலோ திராய்மடுவிலோ 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடொன்றில் ஒரு தாய் கண்ணைத் துடைத்தால், "சுனாமியில் யாரைப் பறிகொடுத்தாரோ" என்று நாம் உடனே இழவுக்குப் போய்விடுவோம். நேற்று வங்கியில் ஒருவர் அவரை எடுத்தெறிந்து பேசியிருக்கலாம். காரணத்தைக் கேட்காமல் ஆறுதல் சொல்லத் தொடங்காதீர்கள்.

கடப்படியில்

வீட்டுக்கு நீங்கள் போய்ச் சேருமுன் உங்கள் மோட்டார் சைக்கிள் போய்ச் சேர்ந்துவிடும். தோள்பை, கையில் ஃபைல், கழுத்தில் அடையாள அட்டை, முகத்தை மூடிய ஹெல்மெட்: இந்தக் கோலத்தில் கிழமைக்கு ஒரு தரம் ஊருக்குள் வருகிறவர் நுண்கடன் தவணை வாங்க வருகிறவர்தான். இரண்டு மூன்று கடனில் மாட்டியிருக்கும் பெண் வேலிக்கு மேலால் அந்தக் கோலத்தைக் கண்டதும் பின்வளவுக்குப் போய்விடுவார். பிள்ளை வந்து "அம்மா இல்ல" என்று சொல்லும், சொல்லும்போது கிணற்றுப் பக்கம் பார்க்கும். உங்களுக்குக் கோபம் வரத் தேவையில்லை. நீங்கள் வாய் திறக்குமுன்னே உங்கள் பை பேசிவிட்டது.

ஹெல்மெட்டை ஊர் முகப்பிலேயே கழற்றுங்கள். பையைப் பெட்டியில் வையுங்கள். கடப்படியில் எஞ்சினை நிறுத்திவிட்டு, இறங்கி, வெளியில் நின்றே "வீட்டுக்காரர்!" என்று கூப்பிடுங்கள். கூப்பிட்ட பிறகு ஒரு சின்ன நேரம் உண்டு. உள்ளே பாய் சுருட்டப்படும், சட்டை மாற்றப்படும், நாய் கட்டப்படும், யார் வெளியில் வருவது என்று முடிவாகும். அந்த நேரத்தில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறவருக்கு அந்த வீட்டில் பிறகு எந்த நாளும் மதிப்பு இருக்காது. அண்ணாந்து தென்னையைப் பாருங்கள், பக்கத்து வீட்டாரோடு நாலு கதை கதையுங்கள்.

தெருவோரம் வெள்ளைக்கொடி கட்டியிருந்தால் அந்த ஊரில் செத்த வீடு. உங்கள் அலுவல் அன்றைக்கு இல்லை. உள்ளே போய் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எழும்பி வந்துவிடுங்கள். செத்த வீட்டில் "போயிட்டு வாறன்" சொல்லி விடைபெறுவதில்லை.

பாய், கதிரை, வட்டா

மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரில் ஒரு பகிடி இருக்கிறது. மந்திரம் மாயம் என்று சொல்கிறவர்களும் உண்டு. இங்கே ஒரு தரம் பாயில் இருந்து சாப்பிட்டவர்களுக்கு அது என்ன மந்திரம் என்று தெரியும்.

உத்தியோகத்தருக்கு முதலில் வருவது கதிரை. பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கி வந்து, சேலைத் தலைப்பாலோ துவாயாலோ ஒரு தரம் துடைத்து, நிழலில் போடுவார்கள். அது மரியாதை, அதில் தூரமும் இருக்கிறது. வீட்டார் திண்ணையிலோ நிலத்திலோ இருக்க, நீங்கள் மட்டும் உயரத்தில். "இல்லக்கா, நான் கீழ இருக்கிறன்" என்று எடுத்த எடுப்பில் நிலத்தில் இருந்துவிடுவது சில பட்டறைகளில் சொல்லித்தரும் பாடம். என் அபிப்பிராயத்தில் அது பிழை. அவர்கள் துடைத்துப் போட்ட கதிரையில் முதல்நாள் இருக்கத்தான் வேண்டும். இரண்டாம் மூன்றாம் தரம் போகும்போது, கதிரை துடைக்கப்படாமல் காலால் தள்ளப்பட்டால் சந்தோஷப்படுங்கள். ஒருநாள் பாய் விரியும். அன்றைக்குத்தான் உங்கள் வினாக்கொத்தின் மூன்றாம் பக்கத்துக்குப் போகலாம்.

பழைய குடும்பங்களில் வெற்றிலை வட்டா வரும். பித்தளை வட்டாவில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. போடாதவர்கள் "எனக்குப் பழக்கமில்ல" என்று கையை உதறுவதைக் கண்டிருக்கிறேன். பார்க்கவே கூச்சமாக இருக்கும். வலக்கையால் ஒரு வெற்றிலையை எடுத்து வைத்துக்கொண்டால் போதும். மெல்லச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை. கலியாணத்துக்கும் கோயில் அலுவலுக்கும் வெற்றிலை வைத்து அழைக்கும் ஊர் இது. கொடுத்ததும் எடுத்ததும் இரு தரப்புக்கும் ஞாபகம் இருக்கும். தேத்தண்ணியும் அப்படித்தான்: முழுவதும் குடிக்க ஏலாவிட்டால் பாதி குடியுங்கள், தொடாமல் வைத்துவிட்டு எழும்பாதீர்கள். எதைக் கொடுத்தாலும் எதை வாங்கினாலும் வலக்கை. இடக்கையில் பேனை இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

யாருடைய வீடு

இந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குப் போகிறான். வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டவை. தாய் வழியில் குடி, அதாவது குலம், எண்ணுவது தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உண்டு. கிழக்குக் கரையின் குடி முறையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். களத்தில் நிற்பவருக்கு இதனால் என்ன? வாசலில் கதிரை போட்டு இருக்கும் ஆணை வீட்டுக்காரர் என்று நினைத்து எல்லாக் கேள்வியையும் அவரிடம் கேட்கிறோம். அவர் அந்த வீட்டு மருமகன். பதில் சொல்லுமுன் அவர் கண் உள்வாசலுக்குப் போகும். அங்கே நிலையில் சாய்ந்து, முகம் பாதி தெரிய நிற்பது மாமியார்.

பழைய பழக்கத்தில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் நின்று கதைப்பது குறைவு. மாமி மகளிடம் சொல்வார், மகள் புருசனிடம் சொல்வார். மூவரும் ஒரே விறாந்தையில் இருந்தாலும் கதை அந்த வழியால்தான் போகும். புதிதாக வந்தவருக்கு இது சண்டை மாதிரித் தெரியும். மருமகன் எழும்பி முற்றத்துக்குப் போனதும் மாமியார் நிலையை விட்டு வெளியே வந்து, திண்ணையில் இருந்து, "என்ன மனே கேட்ட நீ?" என்று தொடங்குவார். இனித்தான் பேச்சு. ஆகவே மருமகன் தண்ணீர் குடிக்கவோ மாட்டைப் பார்க்கவோ எழும்பும்போது நீங்களும் சேர்ந்து எழும்பிவிடாதீர்கள். கேள்வி கேட்டவுடன் வீட்டார் யாருடைய முகத்தைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் கவனித்தால் போதும். அந்த வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்று ஒரு வினாக்கொத்தும் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது.

திரைக்குப் பின்னால்

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி போன்ற ஊர்களில் ஆண் உத்தியோகத்தருக்கு நிலைத்திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரலாம். குரல் தெளிவாக, நீளமாகப் பதில் சொல்கிறதென்றால் வரவேற்பு முழுதாக இருக்கிறது. திரை உங்களை விரட்டவில்லை. முகத்தைப் பார்க்கத் திரையின் ஓரமாகக் கதிரையை நகர்த்துவதுதான் பிழை. கதிரையை வாசலுக்குப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, முற்றத்தைப் பார்த்தபடி கதையுங்கள். "ராத்தா" என்றோ வயதுக்கேற்ப "உம்மா" என்றோ கூப்பிடுங்கள். ஆண்களிடம் "காக்கா". பெண்களுக்குக் கை நீட்டாதீர்கள்; வலக்கையை நெஞ்சில் வைத்துத் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினால் சலாமுக்குப் பதிலாக எல்லாரும் ஏற்றுக்கொள்வார்கள்.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. அந்த மாத முடிவில் அவசரகால விதிகளின் கீழ் முகத்தை மூடும் ஆடைக்குத் தடை வந்தது. அதற்குப் பிறகு சில காலம் பஸ்ஸிலும் கிளினிக் வரிசையிலும் அபாயா அணிந்த பெண்ணுக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே கிடந்தது. யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அமெரிக்கரான எட்வர்ட் ஹோல் 1966இல் எழுதிய நூலில், மனிதர் ஒருவருக்கொருவர் விட்டுக்கொள்ளும் தூரத்தை அளந்து, நெருக்கம் 45 சென்ரிமீற்றர் வரை, பழக்கம் 1.2 மீற்றர் வரை என்று வகுத்தார். கல்முனை பஸ்ஸில் அவரை ஏற்றியிருந்தால் அளவுகோலை வெளியே எறிந்திருப்பார். ஆனால் அவர் பிடித்த விஷயம் சரி. எல்லாரும் நெருக்கி நிற்கும் பஸ்ஸில் ஒரு இருக்கை மட்டும் காலியாக இருந்தால், அந்த இடைவெளியை அதற்குப் பக்கத்தில் இருப்பவர் நன்றாக வாசிப்பார். உங்கள் கிளினிக்கில் அப்படி ஒரு இடைவெளி விழுந்தால், நீங்களே போய் அந்தக் கதிரையில் இருங்கள்.

பயம் படித்துக்கொடுத்தவை

ஐம்பது வயதைத் தாண்டிய எவருடைய உடம்பிலும் இங்கே சில பழக்கங்கள் இருக்கும். சோதனைச்சாவடிக்கு முன் சைக்கிளிலிருந்து இறங்கி உருட்டிக்கொண்டு போனவர்கள் அவர்கள். அடையாள அட்டை கையில், தொப்பி கழற்றி, கை சட்டைப்பைக்கு வெளியே. ஆமிக்காரனின் கண்ணை நெடுக உற்றுப் பார்க்கவும் கூடாது, சடாரென்று விலக்கவும் கூடாது. சிரிக்கலாம், ஆனால் பல் தெரியச் சிரிக்கக் கூடாது. காவலில் நின்றவருக்குத் தமிழ் தெரியாது, வந்தவருக்குச் சிங்களம் தெரியாது. உயிர் போகிற விஷயம் எல்லாம் தோளும் கையும் முகமும் பார்த்தே முடிவாயிற்று.

சுற்றிவளைப்பு இன்னும் கொடியது. ஊர் ஆண்களை விளையாட்டுத் திடலில் வரிசையாக நிறுத்தி, முகமூடி போட்ட ஒருவருக்கு முன்னால் ஒவ்வொருவராக நடத்துவார்கள். தலையாட்டி என்று சனம் அவருக்குப் பெயர் வைத்திருந்தது. அவர் தலை ஆடினால் ஆள் போனான். 1990 செப்ரெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமிருந்தவர்களில் 158 பேரைப் படையினர் கொண்டுபோனார்கள், அவர்கள் திரும்பவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஓகஸ்ட் 3 இரவு, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். இயக்கத்துக்கு ஆள்பிடி நடந்த வருடங்களில் தெரியாத ஒருவர் பிள்ளையின் வயதைக் கேட்டால், தாய் பதில் சொல்லாமல் பிள்ளைக்கும் அவருக்கும் நடுவே வந்து நின்றாள்.

கிழக்கில் சண்டை 2007இல் முடிந்தது. உடம்பு அவ்வளவு கெதியாக மறப்பதில்லை. ஆகவே சில காரியங்களை இங்கே செய்யவே செய்யாதீர்கள். ஆட்களை வரிசையில் நிறுத்தி, பெயர்ப்பட்டியலைச் சத்தமாக வாசித்து, ஒவ்வொரு பெயருக்கும் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேனையால் சரி போடாதீர்கள். நிவாரணப் பொதி கொடுப்பதற்காக இருந்தாலும் வேண்டாம். மேசையில் பட்டியலை வைத்து அவர்களே தங்கள் பெயரைக் காட்டட்டும். கூட்டத்தில் ஆளை விரலால் சுட்டிக் கூப்பிடாதீர்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். கேட்டபோது வந்தது வெறும் தலையாட்டல் என்றால் எடுக்க வேண்டாம். வீட்டில் எத்தனை பேர் என்பது கேள்விகளில் மிகச் சாதாரணமானது என்று நினைத்து அதை முதலில் வைக்கிறோம். இங்கே அதுதான் மிகக் கனமான கேள்வி. கேட்டதும் ஒரு அம்மாவின் வலக்கை விரல்கள் மடியில் ஒவ்வொன்றாக மடியும். நாலாவதில் நின்று, கொஞ்சம் யோசித்து, ஐந்தாவதும் மடியும். காணாமல் போன மகனை எண்ணுவதா விடுவதா என்ற கணக்கு அது. "நாலா, அஞ்சா?" என்று அவசரப்படுத்தாதீர்கள். அவர் எதைச் சொல்கிறாரோ அதை எழுதுங்கள்.

குரல் திடீரென்று தாழ்ந்து, கண் தெருப்பக்கம் போய் வந்தால், பேச்சு அந்தக் காலத்துக்குப் போகப் போகிறது. பேனையை மூடி வையுங்கள். கைபேசி மேசையில் கிடந்தால் எடுத்துப் பைக்குள் வையுங்கள். அது ஒலிப்பதிவு செய்கிறதோ என்ற யோசனை அவருக்கு வந்திருக்கும், கேட்கமாட்டார்.

பிள்ளைகள்

மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இந்த விஷயத்தில் நல்ல பள்ளிக்கூடம். போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டிவந்து, "உனக்கு என்ன நடந்தது?" என்று கேட்காமல், களிமண்ணையும் நிறங்களையும் கையில் கொடுத்தார்கள். இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து உருவாக்கிய இடம் அது. உங்களிடம் பூங்கா இல்லாவிட்டாலும் முறையை எடுக்கலாம். பிள்ளைக்கு எதிரே இருக்காமல் பக்கத்தில் இருங்கள், அதன் உயரத்துக்கு இறங்குங்கள், இரண்டு பேர் கையிலும் ஏதாவது வேலை இருக்கட்டும். வளர்ந்த ஆண்களுக்கும் இதே மருந்து வேலை செய்யும். கரையில் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருக்கும் மீனவருக்கு முன்னால் போய் நின்று கேட்டால் ஒற்றைச் சொல் பதில். பக்கத்தில் இருந்து வலையின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தால், அவர் தன் விரல்களைப் பார்த்தபடி நிறையச் சொல்வார்.

களரியில் கண் பழக்கலாம்

பயிற்சி வேண்டுமென்றால் ஒரு கூத்தைப் போய்ப் பாருங்கள். வடமோடியோ தென்மோடியோ, எதுவானாலும் சரி. ஒரு பாத்திரம் வட்டக்களரிக்குள் வரும்போது முதலில் வரவு ஆட்டம். மத்தளத்தின் அடிக்கு அந்தக் கால்கள் ஆடும் விதத்திலேயே வருவது அரசனா, பெண்ணா, முனிவரா என்று ஊர்ச் சனம் பிடித்துவிடும். வார்த்தை அதற்குப் பிறகுதான். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் இந்தக் கூத்தைச் சுருக்கி மேடையேற்றினார். 'இராவணேசன்' போன்றவற்றில் ஆடியவரும், பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆய்வு செய்தவருமான சி. மௌனகுரு இந்த மண்ணைச் சேர்ந்தவர். கூத்தில் பழகிய கண் கடப்படியில் நிற்கும் ஆளையும் அப்படித்தான் பார்க்கிறது. நீங்கள் அவர்களைக் கவனிக்க வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் வரவு ஏற்கெனவே பார்க்கப்பட்டுவிட்டது.

அமைதிக்கும் இங்கே பழக்கம் உண்டு. குருமண்வெளியிலிருந்து பாதைப் படகில் ஏறி மண்டூர் போனால், முருகன் கோயிலில் பூசகர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு, கதிர்காமத்து முறையில், மந்திர ஓசை இல்லாமல் பூசை செய்வதைக் காணலாம். அங்கே நின்ற பிறகு, கூட்டத்தில் நாலு விநாடி அமைதி அவ்வளவு பாரமாக இருக்காது.

குறிப்பேட்டில் இரண்டு நிரல்

கண்டதையும் நினைத்ததையும் ஒன்றாக எழுதாதீர்கள். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கத்தில் கண்ணால் கண்டது, காதால் கேட்டது மட்டும். வலப்பக்கத்தில் அதற்கு நீங்கள் கொடுக்கும் விளக்கம், பென்சிலால். "கேள்விக்குப் பதில் சொல்லாமல் இரண்டு தரம் அறைவாசலைப் பார்த்தார்" என்பது இடப்பக்கம். "புருசனுக்குப் பயம்" என்பது வலப்பக்கம். வலப்பக்கத்தை அந்த வீட்டில் வைத்து எழுதாமல் அடுத்த சந்தித் தேத்தண்ணிக் கடையில் வைத்து எழுதுங்கள்.

அடுத்த தரம் போகும்போது இடப்பக்கத்தை வாசித்துவிட்டு, வலப்பக்கத்தைச் சோதிக்க ஒரு சாதாரணக் கேள்வி கொண்டுபோங்கள். "போன முறை நான் வந்த நேரம் சரிவரல்ல போல, அக்கா?" என்பது போதும். பயம் என்று நீங்கள் எழுதிய வீட்டில், "ஓம் மிஸ், உள்ளுக்க பேரப்புள்ளய அப்பதான் நித்திரையாக்கின" என்று பதில் வரலாம். அப்படி வந்தால் பென்சில் வரியை அழித்துவிட்டு, நீங்கள் போக வேண்டிய நேரத்தை இடப்பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.